செந்தமிழ்ச்செல்வியின் தொண்டை

கள்ளக்குறிச்சியில் செந்தமிழ்ச்செல்வியின் முகத்தை அறிந்தவர்கள் கருணாபுரத்துத் தெரு ஒன்றுக்குள் அடங்கிவிடுவார்கள். அவள் குரலை அறியாதவர்கள் யார் என்று கேட்டால், போன வாரம் பிறந்த குழந்தைகளைத்தான் காட்ட வேண்டும். அவற்றிலும் பாதி, தாய் வயிற்றில் இருக்கும்போதே கேட்டிருக்கும்.

"வாங்க, வாங்க, தாய்மார்களே! ஆடித் தள்ளுபடி முடியப் போகுது!" என்று ஆட்டோவின் தலையில் கட்டிய குழாயிலிருந்து வருவது அவள் குரல். குக்கர் ரிப்பேர், கேஸ் அடுப்பு ரிப்பேர் அவள். கோயில் திருவிழாவுக்கு ஊரைக் கூப்பிடுவது அவள். யாராவது காலமானால், சுருதியைக் கீழே இறக்கி, "அன்னாரின் இறுதி ஊர்வலம்" என்று சொல்வதும் அவள்தான். கல்யாண மண்டபத்துக்கு அழைத்த அதே வாயால் சுடுகாட்டுக்கும் வழியனுப்பி வைத்திருக்கிறாள்; இரண்டிலும் யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு முறை அவளுடைய மாட்டுத் தீவன விளம்பரம் மணலூர்பேட்டைப் பக்கம் போனது. ஆற்றில் சுகமாகப் படுத்துக் கிடந்த எருமைகள் எல்லாம் எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஆட்டோவின் பின்னால் வரிசை கட்டி வந்துவிட்டனவாம். தீவனக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாராம். எருமைகள் வரிசையில் வந்ததை நம்பாதவர்கள்கூடக் கடைக்காரர் ஷட்டர் போட்டதை நம்புகிறார்கள்.

இந்த வேலை அவளுக்குக் கிடைத்தது ரேஷன் கடையில். அதற்கு முன் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் பாமாயில் வரிசையில் ஓர் ஆள் நடுவில் நுழையப் பார்த்தான். கடைசியில் நின்றிருந்த செல்வி அங்கிருந்தபடியே, "யண்ணா, வரிசையோட வாலு இங்க இருக்குது. அங்க போயி இன்னாத்த சொருவிக்கினு இருக்க?" என்றாள். அந்த ஆள் வந்தது மட்டுமல்ல, எதிர்ச் சாரியில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போன இளமாறனும் திரும்பி வந்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒலிப்பதிவு அறை வைத்திருப்பவன்.

"காதுல பாட்டு ஓடிக்கினு இருக்கும்போதே உங்க குரல் உள்ள வந்துடுச்சிக்கா. மைக்குல பேசறீங்களா?"

"ஏன், மைக்கு இல்லாமலே கேக்கலியா?"

அவள் கணவன் சின்னராசுதான் விளம்பர ஆட்டோவை ஓட்டுகிறவன். பெண்டாட்டியின் குரலை நாள் முழுக்கத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் புருஷன் இந்த மாவட்டத்தில் அவன் ஒருவன்தான். கேலி செய்பவர்களிடம் அவன் சொல்லும் பதில் ஒன்றே: "வூட்லயும் அதான், வண்டியிலயும் அதான். வண்டியிலயாச்சும் சுவிட்ச்சு இருக்குது."

விடிந்தும் விடியாமலும் செல்விக்கு இன்னொரு வேலை உண்டு. அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் 'அம்மன் விழிப்பு' என்ற குழுவுக்கு ஒரு பாட்டு பாடி அனுப்புவாள். பாட்டு அவள் கட்டியதுதான்.

"எழுந்துக்கோ தாயே, எருமைக்கும் விடிஞ்சாச்சி,
கரும்பு லாரி போயாச்சி, கண்ணத் தொற ஆத்தா."

நாளுக்கு ஒரு வரி மாறும். மழை பெய்தால் மழை வரும். கரண்டு போனால் மின்வாரியமும் வரும். அம்மனிடம் அவள் பேசுவது பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலத்தான். பிரசங்கம் கேட்டு வந்த பக்தி இல்லை அது. காலையில் எழுந்தோம், தொண்டை இருக்கிறது, ஒரு வாய்ப் பாட்டு இருக்கிறது, அதைக் கேட்க ஆள் இருக்கிறது. இதற்கெல்லாம் யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டுமே, சொல்ல ஆள் வேண்டாமா என்பது அவள் கணக்கு. மணலூர்பேட்டை லட்சுமியம்மாள் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பால் கறப்பார். குவைத்தில் வண்டி ஓட்டும் ஒருவன், "அக்கா, உங்க பாட்டுல வர்ற கரும்பு லாரிதான் எனக்கு ஊரு" என்று எழுதுவான். போன் கண்டுபிடித்தவன் யாரென்று செல்விக்குத் தெரியாது. ஆனால் அவனுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சார்ஜில் மாட்டுவாள்.

கருணாபுரத்தில் சாராயம் குடித்துப் பலர் செத்த அந்த ஆனி மாதத்தில்தான் அவள் தொண்டை முதலில் கட்டியது. தெருவில் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் ஊர் நின்ற நாட்கள் அவை. அன்றாடம் பார்த்துப் பேசிய மனிதர்களின் பெயர்களை அவள் மைக்கில் படித்தாள். அழுகையை விழுங்கி விழுங்கிப் படித்ததால் கட்டிக்கொண்டது என்றார்கள். கஷாயம் குடித்தாள், விட்டது. பிறகு மறுபடியும் கட்டியது. விட்டு விட்டுக் கட்டி, கடைசியில் விடாமலே கட்டிக்கொண்டது. 'தாய்மார்களே' என்றால் 'தாய்' வரும், 'மார்களே' வராது.

சின்னராசு அவளைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டு, எதிரே இருந்த டிவியில் காட்டினார். செல்வி தன் குரலை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தாள். வெள்ளையாக இரண்டு நாடா. மூச்சு விட்டால் விலகின, பேசினால் ஒட்டின. அதில் ஒன்றின் ஓரத்தில் நொய்யரிசி போல ஒரு குருணை உட்கார்ந்திருந்தது.

"இத எடுத்துடணும்மா. எடுத்து டெஸ்டுக்கும் அனுப்பணும்" என்றார் டாக்டரம்மா.

"எடுத்தா குரலு?"

"பெரும்பாலும் நல்லாவே வரும். சிலருக்குக் கொஞ்சம் மாறும். எதுக்கும் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, தேதி போட்டுடலாம்."

'டெஸ்டு' என்ற சொல் ஒரு பக்கம், 'மாறும்' என்ற சொல் ஒரு பக்கம். பஸ் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் செல்வி ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஆத்தாவ ஒரு வார்த்த கேட்டுடலாம்."

சின்னராசுவின் குலதெய்வம் கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அப்பால் ஒரு ஓடைக்கரையில் இருக்கிறது. ஆள் உயரக் கருங்கல் அம்மன். வலக்கையில் சூலம், இடக்கையில் கிண்ணம். அந்தக் குடும்பத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்பார்கள். பூ அம்மனுடைய வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம்; இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். ஒரு முறை கேட்டதை மறுமுறை கேட்கக் கூடாது.

போய்க் கேட்பதில்தான் சிக்கல். பங்காளி வீட்டில் ஒரு சாவு. காரியம் முடியும்வரை சின்னராசுவுக்கும் செல்விக்கும் தீட்டு. கோயில் வாசலை மிதிக்க முடியாது. காரியம் முடிவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். சின்னராசுவின் அக்கா குஞ்சம்மாள் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதால் அவளுக்குத் தீட்டு அப்போதே கழிந்துவிட்டது. கரியாலூரில் படகுத் துறைக்குப் பக்கத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்கு வேர்க்கடலை அவித்து விற்கிறாள். அவள் கோயிலுக்குப் போய் வீடியோ காலில் காட்டுவது, செல்வி இங்கிருந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

"போன்ல பாக்கறதுக்குத் தீட்டு உண்டா பூசாரி?" என்று குஞ்சம்மாள் வேடியப்பனைக் கேட்டாள். மலைக்காரர், வயதானவர், வேண்டாத பேச்சுப் பேசாதவர்.

அவர் யோசித்துச் சொன்னார்: "அவங்க உள்ள வர்றதுக்குத்தான் தீட்டு. போன்ல அவங்க வர்ல. ஆத்தாதான் அவங்க வூட்டுக்குப் போறா. அவளுக்கேது தீட்டு?"

செவ்வாய்க்கிழமை காலையில் கால் வந்தது. சின்னராசு அப்போது வண்டியோடு தியாகதுருகம் பக்கம் போயிருந்தான். செல்வி தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட, போனைக் கும்பிட்டபடி எடுத்தாள். திரை நிறைய குஞ்சம்மாளின் முகம். அதற்குப் பின்னால், தோளுக்கு மேலே, அம்மன்.

"இன்னா அண்ணி, ஒங்க மொகத்த காட்டிக்கினு இருக்கீங்க? ஆத்தாவ காட்டுங்க."

"பின்னாடி கேமரா போயிடுச்சிடி. கடல சட்டிக்குள்ள உழுந்து வெந்து போச்சி. முன்னாடி இருக்கறதுதான் கெதி. ஆத்தா தெரியறாளா?"

"தெரியறா. காது கொஞ்சம் மறைக்குது."

"ஆத்தா காதா?"

"ஒங்க காது."

அம்மனுக்கு முதுகு காட்டி நிற்கிறாளே என்று பூசாரி முணுமுணுத்தார். "தப்பு தப்பு" என்று குஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாளே தவிர, திரும்பவில்லை. அந்த இடத்தை விட்டால் சிக்னல் கிடையாது. இன்னொன்றும் உண்டு. வீடியோ கால் வந்தால் குஞ்சம்மாள் எப்போதும் தன் படத்தைத் தட்டிப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பாள். எதிரில் பேசுகிறவர்கள் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தால் போதும் அவளுக்கு.

வேடியப்பன் அம்மன் உச்சியில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தார். உடுக்கையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பூ கேட்கும்போது அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வார். 'பாத்தா, இந்தப் பக்கம் உழட்டும்னு மனசு சாயும். அது தப்பு' என்பார். உடுக்கை மெல்ல எழுந்து, ஓடைச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. அவர் பாட ஆரம்பித்தார். போன் வழியாக வந்ததில் பாதி இரைச்சல்தான். ஆனாலும் செல்விக்கு மயிர்க்கால் எழுந்தது. அவள் போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகூப்பியபடி திரையை உற்றுப் பார்த்தாள்.

பூ அசைந்தது. விழுந்தது.

அடுத்த நொடி படம் உறைந்தது, லைன் போனது. அங்கே, எங்கிருந்தோ வந்த வெள்ளாடு ஒன்று, குஞ்சம்மாள் திரும்புவதற்குள் பூவைத் தின்றுவிட்டிருந்தது. பூசாரி கண்ணைத் திறந்தபோது ஆடு மட்டும் நின்றிருந்தது. ஆகவே அந்தப் பூ விழுந்ததை உலகத்தில் பார்த்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி மலைமேல், ஒருத்தி கருணாபுரத்தில்.

செல்வி பார்த்தாள். பூ விழுந்தது அம்மனின் வலப்பக்கம். அறுக்கச் சொல்கிறாள் ஆத்தா.

குஞ்சம்மாள் சிக்னல் உள்ள வேறொரு மேட்டுக்குப் போய், குரல் காலில் வந்தாள். "செல்வி, பாத்தியா? எடது பக்கம்டி. வேணாம்னுட்டா ஆத்தா."

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலதுதானே என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் வரவில்லை. தொண்டைக் கட்டின் மேல் பழி போடலாம். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். கல்லைத் தலையிலிருந்து இறக்கி வைத்தது போல ஒரு சுகம். நேரில் நின்றவள் சொல்கிறாள். பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாததா, இத்தனூண்டு திரையில் பார்த்த நமக்குத் தெரிந்துவிட்டது?

"செரி அண்ணி. ஆத்தா சொன்னா செரி" என்றாள்.

மத்தியானம் சின்னராசு வந்து கேட்டான். "நீ பாத்தியா?"

"படம் ஆடிக்கினே இருந்துச்சி. அண்ணிதான் கிட்ட இருந்தாங்க."

அடுத்த நாள் ஊருக்குள் விளம்பர ஆட்டோ பெரும்பாலும் சத்தமில்லாமல் போனது. அவன் ஒரு தெரு பேசவிட்டு மூன்று தெரு அணைத்து வைத்தான். தள்ளுபடி முடிந்துவிட்டதோ என்று ஜனங்கள் ஜவுளிக் கடைக்கு ஓடினார்கள். அதுவரை இல்லாத கூட்டம் அன்றுதான் என்று கேள்வி.

வியாழக்கிழமை விடியலில் செல்வி போனை எடுத்துப் பாடினாள். 'எழுந்துக்கோ' வரை வந்தது. 'தாயே' என்ற இடத்தில் வெறும் காற்று போனது. மறுபடி அழுத்தினாள், மறுபடி காற்று. மூன்றாம் முறை அழுத்த மனமில்லை. குழுவில் அன்று பாட்டு இல்லை. லட்சுமியம்மாள் ஒரு மாட்டுப் படத்தைப் போட்டு, 'இது ஒதைக்கிது, பாட்டு எங்கே' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒலிப்பதிவு அறைக்குப் போனாள். இளமாறன் அவளைப் பார்த்ததும் கம்ப்யூட்டரைத் திருப்பினான்.

"கோவிச்சிக்காதீங்கக்கா. நீங்க முன்னாடி பேசினத எல்லாம் போட்டு கம்ப்யூட்டர பழக்கினேன். கேளுங்க."

கம்ப்யூட்டர் பேசியது. அவள் குரல்தான். அவள் பேசாத வாக்கியம்; ஏதோ புது பேக்கரி. மூச்சு வாங்கவில்லை, எச்சில் விழுங்கவில்லை, ஒரு பிசிறு இல்லை. எங்கேயாவது குறை கண்டுபிடிக்கலாமென்று காதைத் தீட்டிக் கேட்டாள். கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"நல்லா பேசறாளே" என்றாள் கடைசியில்.

"நீங்கதான்கா அது."

"நானு எங்கடா இவ்ளோ மரியாதையா பேசினேன்?"

நீங்கள் குணமாகி வரும்வரை இது சமாளிக்கட்டும், வருகிற பணத்தில் பாதியை உங்களுக்கே தந்துவிடுகிறேன் என்றான். பிறகு, "இவ்ளோ நாளா குரல் மட்டும்தான் தெரியும். ஒரு தடவ மூஞ்சிய காட்டி ஒரு கும்பிடு போடுங்க, நம்ம கடையோட பேஜ்ல போடறேன்" என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். முன் கேமரா. செல்வி தன்னைத் திரையில் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் சுவரில் இளமாறனின் கடைப் பெயர்ப் பலகை. எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடின.

"இன்னாப்பா, பலக திரும்பிக்கினு இருக்குது?"

"செல்ஃபின்னா அப்படித்தான்கா. கண்ணாடி மாதிரி, வலது எடதா தெரியும். நமக்குத்தான் அப்படி. அந்தாண்ட பாக்கறவங்களுக்கு நேராத்தான் போவும்."

செல்வி கும்பிட்ட கையை இறக்கவில்லை. அப்படியே நின்றாள்.

குஞ்சம்மாள் பார்த்தது கண்ணாடி. தான் பார்த்தது நேர்.

படியிறங்கி வீட்டுக்கு நடந்தாள். ஆத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். போன் அதன் வழக்கப்படி காட்டியிருக்கிறது. அண்ணி கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறாள். இதில் பித்தலாட்டம் செய்தது ஒரே ஆள்தான். அந்த ஆளின் செருப்பு இப்போது கருணாபுரத்துப் பக்கம் தேய்ந்துகொண்டு போகிறது. செவ்வாய்க்கிழமையே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். வலதா இடதா என்று கேட்டால்தானே குழப்பம்? கேட்கத் தெரியாமல் இல்லை. பதில் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

வீட்டு வாசலை மிதிக்கும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா. "செந்தமிழ்ச்செல்விங்களா? சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்கம்மா. இல்லன்னா இந்தத் தேதிய வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம்."

"சொல்றேங்க" என்றாள். சோற்றை வடித்தாள். கீரை ஆய்ந்தாள். ஆய்ந்த கீரையை இன்னொரு முறை ஆய்ந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு குஞ்சம்மாளுக்குப் போட்டாள்.

அந்தப் பக்கம் ஒரே கூட்டச் சத்தம். "சொல்லுடி, கடல கொதிச்சிக்கினு இருக்குது."

"அண்ணி, அன்னிக்கி பூ உழுந்துதே. சூலம் பக்கமா, கிண்ணம் பக்கமா?"

"இன்னாடி கேள்வி இது? சூலத்துலதான் பட்டுச்சி. ஒரு நொடி சூலத்துலயே மாட்டிக்கினு நின்னு, அப்பறம் உழுந்துச்சி. எனக்கு அப்பவே நெஞ்சு படபடன்னு..." குரல் நின்றது. "செல்வி."

"ம்."

"வெள்ளிக்கி வெள்ளி அந்தச் சூலத்துல எலுமிச்சம்பழம் சொருவறவ நானு. அது ஆத்தாவோட சோத்துக் கை பக்கம்டி."

"ஆமா அண்ணி."

"அப்ப அன்னிக்கி எப்டிடி எடதுல தெரிஞ்சிது எனக்கு?"

செல்வி கண்ணாடி விஷயத்தைச் சொன்னாள். குஞ்சம்மாள் போனை ஒரு பாட்டம் திட்டினாள். கடலைச் சட்டிக்குள் அது முழுசாக வெந்திருக்க வேண்டும் என்றாள். பிறகு சட்டென்று சுருதி மாறியது.

"ஏண்டி, நீயும்தான் பாத்த. ஒனக்கு எந்தப் பக்கம் தெரிஞ்சிது?"

அந்தப் பக்கம் யாரோ கடலை கேட்டார்கள். குஞ்சம்மாள், "இருய்யா" என்று அதட்டினாள்.

"பயமா இருந்துச்சி அண்ணி. நீங்க வேணாம்னு சொன்னதும் நல்லா இருந்துச்சி."

ஊரைக் கூட்டித் திட்டப்போகிறாள் என்று செல்வி காத்திருந்தாள். குஞ்சம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. "நாங்கூட அன்னிக்கி ராத்திரி சோறு துன்னலடி. வேணாம்னுட்டாளே, அப்ப இந்தப் புள்ளைக்கி இன்னா வழின்னு. மறுபடி வேணா பூ கேப்பமா?"

"வேணாம் அண்ணி. சொன்னதையே திருப்பிச் சொல்லுன்னா எனக்கே கோவம் வரும். அவ ஆத்தா."

சின்னராசு வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். செல்வி போய் நின்று, செவ்வாய்க்கிழமை பார்த்ததையும் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். அவன் குழாயை மூடினான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

அவள் தலையாட்டினாள்.

"ஊருக்கே சத்தம் போட்டுச் சொல்றவ, எங்கிட்ட ஒண்ண சொல்லலியே" என்றான். கோபமில்லை, வேறென்னவோ இருந்தது. பிறகு, "போன போடு ஆஸ்பத்திரிக்கி. மணி ஆவுது" என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நான் சொல்லும்வரை ஒரு சொல் பேசக் கூடாது; கிசுகிசுக்கவும் கூடாது.

செந்தமிழ்ச்செல்வி பேசாமல் இருந்த அந்த நாட்களைப் பற்றிக் கருணாபுரத்தில் இன்னும் பேச்சு உண்டு. காக்கைகள் வழி தவறிப் பக்கத்துத் தெருவில் இறங்கின என்பார்கள். அவள் சும்மா இருந்தாளா என்றால், இல்லை. போனில் தமிழில் அடித்தால் போனே படித்துச் சொல்லும் ஒரு வசதியை இளமாறன் ஏற்றிக் கொடுத்தான். அதிலிருந்து ஒரு பட்டணத்துப் பெண் குரல் வந்தது. செல்வி அடுப்படியில் உட்கார்ந்து ஆத்திரமாக அடிப்பாள், போன் அமைதியாக, "ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறீர்கள்? குழம்பு ஆறிவிட்டது. உங்களுக்கு அறிவு இருக்கிறதா?" என்று வினவும். சின்னராசு கையைக் கட்டிக்கொண்டு அதற்குப் பதில் சொல்வான்.

"அந்தம்மா திட்டினா ஒறைக்கவே இல்ல செல்வி. ஆபீஸ்ல மனு குடுக்கப் போனாப்ல இருக்குது" என்று அவன் சொன்னபோது, அவள் சத்தமில்லாமல் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊருக்குள் அவள் குரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய பதிவும் கம்ப்யூட்டர் பேசியதும் கலந்து வந்தன. எது தன் வாயால் சொன்னது, எது சொல்லாதது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பாள். சில நேரம் அவளுக்கே தெரியவில்லை. தான் படுத்திருக்க, தனக்குப் பதிலாக ஏதோ ஒன்று வெயிலில் அலைந்து உழைக்கிறதே என்று அதன்மேல் ஒரு வாஞ்சை வந்துவிட்டது. வீட்டு வாசலைக் கடக்கும்போது அதற்கும் ஒரு டம்ளர் மோர் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பாள்.

குழுவுக்கு அவள் எழுத்தில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். மறுநாள் விடியலில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. லட்சுமியம்மாள். "எழுந்துக்கோ தாயே" என்று ஒரு ஊருக்கும் பொருந்தாத சுருதியில் ஆரம்பித்து, நடுவில் மாட்டை அதட்டி, இருமி, முடித்திருந்தார். அடுத்த நாள் குவைத்துக்காரன். வண்டிக்குள்ளிருந்து பாடினான், பின்னணியில் அந்த ஊர்ப் போலீஸ் சங்கு. அதற்கடுத்த நாள் குஞ்சம்மாள். பாட்டை விடக் கடலை கொதிக்கும் சத்தம் ஜாஸ்தி. பிறகு யார் யாரோ. இத்தனை நாள் கேட்டுவிட்டு ஒரு கும்பிடு பொம்மை கூடப் போடாதவர்கள். எல்லாரும் அவள் பாட்டையே பாடினார்கள். ஒருவருக்கும் ராகம் வரவில்லை. வரிகள் மட்டும் அத்தனை பேருக்கும் மனப்பாடம். செல்வி தலையணையில் போனை வைத்து, காதை அதன்மேல் வைத்துக் கேட்டாள். ஆத்தாவுக்குத் தினம் நாம் பாடும்போது இப்படித்தான் இருந்திருக்குமோ, நாராசமாகவும் நல்லாவும், என்று நினைத்துக்கொண்டாள்.

டெஸ்டு முடிவில் கெட்டது ஒன்றுமில்லை என்று வந்தது. டாக்டரம்மா மறுபடி கேமரா விட்டுக் காட்டினார். நாடா இரண்டும் சுத்தமாக இருந்தன. "பேசுங்க" என்றார். என்ன பேசுவது என்று செல்விக்குத் தெரியவில்லை. "வந்து..." என்றாள். குரல் முன்னைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது. புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினது போல. சின்னராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த காது மூக்குப் படத்தை மும்முரமாகப் படித்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆத்தாவுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்த வேண்டும். கண் சரியானால் கண் தகடு, கால் சரியானால் கால் தகடு வாங்கி அம்மனுக்குப் போடுவது வழக்கம். கடைவீதியில் பூஜை சாமான் விற்கும் ஜெயசுதாவிடம் போனார்கள். அவள் தட்டைக் கொட்டிக் காட்டினாள். கண், கை, கால், வயிறு, தொட்டில், வீடு, தேள்கூட இருந்தது. தொண்டை இல்லை.

"தொண்ட யாரும் கேட்டதில்லக்கா. நாக்கு இருக்குது, தரட்டுமா?"

"அய்யோ, அது வேணாம்மா" என்றான் சின்னராசு அவசரமாக. "அது ரிப்பேரே ஆவல. முன்ன வுட நல்லா இருக்குது."

வெறும் மாலையும் எலுமிச்சம்பழமுமாக மலையேறினார்கள். தீட்டெல்லாம் கழிந்திருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, செல்வி நன்றி சொல்லும் வாசகத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டே வந்தாள்: ஆத்தாளுக்கு, டாக்டரம்மாவுக்கு, இளமாறனுக்கு, லட்சுமியம்மாளின் மாட்டுக்கு, கண்ணாடிக் கேமராவுக்கும் கூட. குஞ்சம்மாள் ஓடைக்கரையில் தம்பியின் போனை வாங்கி, அம்மனுக்கு நேரே நின்று, குழுவுக்கு நேரலையாகக் காட்ட ஆரம்பித்தாள்.

"தொண்டைக்கித் தகடு கெடைக்கல பூசாரி. இன்னா செலுத்தறது?" என்று செல்வி கேட்டாள்.

வேடியப்பன் அவளைத் திருப்பிக் கேட்டார்: "பேச வருதுல்ல?"

"வருது."

"அத்த செலுத்து."

செல்வி அம்மன் முன்னால் போய் நின்றாள். கருங்கல் முகம் எண்ணெயில் மின்னியது. பஸ்ஸில் கட்டிய வாசகம் ஒரு சொல் நினைவில் இல்லை. கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள். பழக்க தோஷம், அதுபாட்டுக்கு வந்தது:

"பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு! கள்ளக்குறிச்சி கருணாபுரம் சின்னராசு மனைவி செந்தமிழ்ச்செல்விக்குத் தொண்டை சரியாயிட்டது, சரியாயிட்டது, சரியாயிட்டது! தாயே, நன்றி, நன்றி, நன்றி!"

வேடியப்பன் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். குஞ்சம்மாள் சிரித்த சிரிப்பில் நேரலை குலுங்கியது. செல்விக்கு வெட்கம் பிடுங்கியது. ஆனாலும் கூப்பிய கையை இறக்கவில்லை.

குரல் ஓடையோடு இறங்கி அருவிவரை போயிருக்க வேண்டும். அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், நனைந்த துணியோடு மேலேறி வந்து, எந்தக் கடையில் தள்ளுபடி என்று விசாரித்தது.